ஆணிக்கு ஒரு கைதட்டல்

1776ஆம் ஆண்டில் வெளியான 'நாடுகளின் செல்வம்' என்ற நூலின் முதல் அத்தியாயத்திலேயே ஆடம் ஸ்மித், வேலைப் பிரிவினையின் மகிமையை விளக்கும் பொருட்டு ஆணி செய்யும் கொல்லர்களைச் சாட்சிக்கு அழைக்கிறார். சுத்தியல் பிடித்துப் பழகியவனாயினும் ஆணி செய்து பழகாத சாதாரணக் கொல்லன் ஒருவன் நாள் முழுதும் முயன்றாலும் 200 அல்லது 300 ஆணிகளுக்கு மேல் செய்ய மாட்டான் என்றும், அவையும் உருப்படியாக இரா என்றும், ஆணியைத் தவிர வேறெதையும் செய்தறியாத, இருபது வயது நிரம்பாத பையன்களோ முனைந்து நின்றால் ஆளுக்கு 2,300க்கும் மேற்பட்ட ஆணிகளைச் செய்து குவிப்பதைத் தாமே கண்டிருப்பதாகவும் அவர் எழுதுகிறார். அந்தப் பையன்களில் எவனுக்காவது, எந்த ஆணிக்காவது, யாரேனும் கைதட்டினார்களா என்பது அந்த நூலில் இல்லை; தட்டியிருக்க மாட்டார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்நூல் வெளிவந்து இருநூறு ஆண்டுகள் கழிந்தபின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரோ, பள்ளி ஆசிரியை ஒருவரோ, பல் வைத்தியர் ஒருவரோ, ஒரு முற்பகல் முழுவதையும் செலவிட்டு நான்கே ஆணிகளைச் செய்து, அவற்றுள் மூன்றின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து போக, நான்காவது மட்டும் நேராக அமைந்த கணத்தில், சுற்றி நின்ற பத்துப் பேர் தங்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டுகிற காட்சி சகஜமாகிவிட்டது. பொருளாதார சாஸ்திரத்தின் கண்கொண்டு பார்ப்பவருக்கு இது பரிகாசத்துக்குரிய காட்சியே. ஆயினும் அந்தக் கைதட்டலை வெறும் நல்ல சுபாவத்தின் விளைவு என்று தள்ளிவிடுவதற்கில்லை என்பது என் கருத்து. அதற்குச் சரித்திர காரணங்கள் உண்டு. இரும்பின் இயல்பிலேயே கிடக்கும் காரணங்களும் உண்டு.

முதலில் சரித்திரம். பிழைப்புக்காகச் செய்யப்பட்ட காலத்தில் கொல்லுவேலை ஒளித்து வைக்கப்பட்ட வித்தையாகவே இருந்தது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஏழாண்டுக் காலம் பயிற்சிப் பிள்ளையாய் இருந்தாலன்றி ஒருவன் கைத்தொழில் எதையும் நடத்தலாகாது என்று விதித்தது. அந்த விதி 1814 வரையில் உயிரோடிருந்தது. பிள்ளையைத் தொழிலில் சேர்க்கும்போது எழுதப்படும் உடன்படிக்கையில், எஜமானனின் ரகசியங்களைக் காப்பேன் என்ற வாசகம் வழக்கமாக இடம்பெறும். இதில் குறை காண நான் துணியமாட்டேன். எஃகுக்குத் தோய்ச்சல் போடும் பக்குவம் ஒன்றே ஒரு குடும்பத்தின் சோற்றுக்கு ஆதாரமாக இருக்கும்போது, அதை அடுத்த தெருக் கொல்லனுக்குச் சொல்லிக் கொடுப்பவனை உதாரகுணன் என்று ஊர் சொல்லலாம். அவன் மனைவி வேறு பெயரிட்டுத்தான் அழைப்பாள்.

பிறகு அந்தச் சோறே போயிற்று. 1915ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்தன. 1960இல் அவை ஏறத்தாழ முப்பது லட்சமாகக் குறைந்தன. டிராக்டரும் மோட்டார் வண்டியும் லாடத்தைத் துரத்த, ஆலைகள் ஆணியையும் கீலையும் கொளுவியையும் மூட்டை மூட்டையாக அனுப்ப, மின்சாரப் பற்றவைப்பு எஞ்சிய பழுதுவேலைகளைக் கைப்பற்றிக்கொள்ள, கிராமக் கொல்லனின் உலை அணைந்தது. அவன் மகன் தொழிற்சாலைக்குப் போனான். பட்டறைக்கற்கள் களஞ்சியத்து மூலையில் கோழிகள் ஏறி நிற்கும் மேடைகளாயின. பல, பழைய இரும்போடு இரும்பாக எடை போட்டு விற்கப்பட்டன. காத்து வைத்த ரகசியங்கள், காத்தவரோடு சேர்ந்தே புதைகுழிக்குப் போயின.

இந்த அறுந்த சங்கிலிதான் கைதட்டலின் முதற்காரணம். 1960களின் இறுதியில் நகர வாழ்வில் சலித்துப்போன இளைஞர் கூட்டம் ஒன்று பழைய கைத்தொழில்களைத் தேடிப் புறப்பட்டபோது, தச்சனைக் கண்டார்கள், குயவனைக் கண்டார்கள். கொல்லனைக் காண்பது மட்டும் அரிதாயிற்று. ஜார்ஜியா மாநிலத்து ராபன் கவுண்டியில் பள்ளிப் பிள்ளைகள் 1966இல் தொடங்கிய 'ஃபாக்ஸ்ஃபயர்' என்ற பத்திரிகை, மலைவாழ் முதியவர்களைக் கண்டு பேசி அவர்களது கைவேலைகளை எழுதிவைத்தது. அதிலிருந்து பிறந்த நூல்வரிசையில் ஐந்தாவது புத்தகம், 1979இல், இரும்பு காய்ச்சுவதையும் கொல்லுவேலையையும் விரிவாகப் பேசியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அதே மாநிலத்து அட்லாண்டா நகரில் விளம்பரத் தொழிலில் இருந்த அலெக்ஸ் பீலர் என்பவர், பட்டறை பட்டறையாகச் சுற்றிக் கேட்டறிந்தவற்றைத் தொகுத்து 'கொல்லுக்கலை' என்ற பொருள்படும் தலைப்பில் 1969ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். பீலர் குலக்கொல்லர் அல்லர், வயிற்றுக்காகச் சம்மட்டி பிடித்தவரும் அல்லர். பிழைப்புக்காரன் எழுத மறந்ததை, அல்லது எழுத மறுத்ததை, ஆசைக்காரர் ஒருவர் எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த ஆண்டிலேயே, இல்லினாய் மாநிலத்துக் கார்பண்டேலில் உள்ள பல்கலைக்கழகத்தில், வெள்ளிவேலையில் தேர்ந்த பேராசிரியரான பிரெண்ட் கிங்டன், இரும்பின் மேல் மோகம் கொண்டு ஒரு பயிற்சிக் கூட்டத்தை ஏற்பாடு செய்தார். 1973இல் ஜார்ஜியாவின் லம்ப்கின் என்ற சிற்றூரில் முப்பது பேருக்கும் குறைந்த ஒரு சிறு கூட்டம் கூடி, வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கத்தைத் தோற்றுவித்தது. ஆபானா என்ற சுருக்கப் பெயரால் இன்று உலகெங்கும் அறியப்படும் அந்தச் சங்கம், பட்டறைக்கல்லின் ஒலி என்று பொருள்படும் 'அன்வில்ஸ் ரிங்' என்ற பத்திரிகையை நடத்தியது. மாநிலத்துக்கு ஒன்றாகவும் இரண்டாகவும் கிளைச் சபைகள் கிளைத்தன. அச்சபைகளின் செய்தி மடல்களில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு மடலில் வந்த செய்முறையை இன்னொரு மடல், வந்த இடத்தைச் சொல்லிவிட்டுத் தாராளமாக எடுத்து அச்சிடலாம். ஏழாண்டு காப்பேன் என்று கையெழுத்திட்ட ரகசியம், இப்போது தபாலில் வீடு தேடி வந்தது.

ஆயினும் புத்தகத்தைக் கொண்டு இரும்பை அடித்துவிட முடியாது. கண்டு கற்கவேண்டிய வித்தைக்குக் காட்டுவதற்கு ஒரு கை வேண்டும். அத்தகைய கைகளுள் பிரான்சிஸ் விட்டேக்கருடையது தலையாயது. 1906இல் பிறந்த அவர், பிலடெல்பியாவில் சாமுவேல் யெலின் பட்டறையில் தொழில் பழகி, பின்னர் பெர்லின் சென்று ஜூலியஸ் ஷ்ராம் என்னும் ஆசானிடமும் பயின்றவர். யெலினோ கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 1906ஆம் ஆண்டில் அமெரிக்கக் கரையேறி, 1920களில் இருநூறுக்கும் மேற்பட்ட கொல்லர்களை வைத்து, வங்கிகளுக்கும் தேவாலயங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கம்பிக் கதவங்களும் விளக்குகளும் செய்து தந்த மகா சிற்பி. பொருளாதார மந்தம் வந்து அந்தப் பட்டறையை ஒடுக்கிற்று. 1940இல் அவர் காலமானார். யெலினின் கைப்பழக்கத்தை நேரிற்கண்டு அறிந்தவர்களுள் ஒருவராக, கலிபோர்னியாவின் கார்மெலிலும் பிறகு கொலராடோவின் ஆஸ்பெனிலும் நெடுங்காலம் பட்டறை நடத்தி வந்த விட்டேக்கரிடம், எழுபது வயதை நெருங்கும் தறுவாயில், திடீரென்று ஒரு தலைமுறையே வந்து நின்றது. அவர் ஒளிக்கவில்லை. 1986இல் தமது அனுபவத்தை, சமையல் குறிப்புப் புத்தகம் போலவே, இத்தனை அங்குலக் கம்பி, இத்தனை சூடு, இந்த வரிசை என்று அளவு சொல்லி நூலாக வெளியிட்டார்; தலைப்பும் 'கொல்லனின் சமையற் புத்தகம்' என்பதே. 1999இல் மறையும் வரை அவருக்குச் சீடர்கள் குறையவில்லை.

இனி, கூட்டங்கள் நடக்கிற விதத்தைச் சற்று நின்று பார்ப்போம். யாரோ ஒருவருடைய பட்டறையில் அல்லது பண்ணையில் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்கள். வண்டிகளின் பின்கதவைத் திறந்துவைத்துப் பழைய குறடுகளையும் சம்மட்டித் தலைகளையும் பரப்பிப் பேரம் பேசுகிறார்கள். பழைய ஆங்கிலப் பட்டறைக்கல்லின் விலாவில் பொறித்த மூன்று எண்களைத் தடவிப் பார்த்து, முதல் எண்ணுக்கு 112 பவுண்டு, இரண்டாவதற்கு 28, மூன்றாவது உள்ளது உள்ளபடி என்று பெருக்கிக் கூட்டி எடை சொல்வது ஒரு விளையாட்டு. எஃகுக் குண்டு ஒன்றை அதன் மேல் விழவிட்டு எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று பார்ப்பது இன்னொன்று. நல்ல கல் கிடைக்காதவன் தண்டவாளத் துண்டோடு வந்தாலும் ஏளனம் செய்வாரில்லை. மோட்டார் வண்டியின் பிரேக் டிரம்மில் நிலக்கரி இட்டு, தலைமுடி உலர்த்தும் ஊதியால் காற்றடித்து உலை மூட்டியவன் என்றால் அவனுக்குத் தனி மரியாதை.

மேசை மேல் ஒவ்வொருவரும் ஒரு பொருளை வைக்கவேண்டும். கையால் செய்த கொக்கியோ, வீட்டில் கிடந்த அரமோ, லாரி வில்லின் துண்டோ எதுவும் ஆகும். சிறு தொகைக்குச் சீட்டு விற்று, தொப்பியில் போட்டுக் குலுக்கி, பெயர் வந்தவர் விரும்பியதை எடுத்துக்கொள்கிறார். சேர்ந்த பணம் சபையின் செலவுக்கும், எங்காவது போய்ப் படிக்க விரும்பும் இளைஞனின் உபகாரச் சம்பளத்துக்கும் போகிறது. 'தொப்பியில் இரும்பு' என்று இதற்குப் பெயர். கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்ற பேதைமை வேறில்லை என்று நாம் பழமொழி சொல்லி வந்திருக்கிறோம். இந்தக் கூட்டத்தில் எல்லாரும் ஊசியோடுதான் வருகிறார்கள், எல்லாரும் ஊசி வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். தன்னால் செய்ய முடிந்த கொக்கியைப் பிறன் எப்படிச் செய்திருக்கிறான் என்று அறிவதில் உள்ள இன்பம், கொல்லன் தெருவுக்கு வெளியே இருப்பவனுக்குக் கிடைக்காது.

அவர்கள் ஒருவரையொருவர் ஊக்குவிக்கும் முறை தனி ஆராய்ச்சிக்கு உரியது. 'அருமை' என்று சொல்லிவிட்டு நகர்வது நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. வயதான கை ஒன்று பொருளை வாங்கி, முகப்பைப் பார்க்கும் முன் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கும். கட்டைவிரலால் விளிம்பைத் தடவும். 'எத்தனை சூட்டில் முடித்தாய்?' என்று கேட்கும். ஒரு முறை உலையிலிருந்து எடுத்த இரும்பு, மெல்லிய கம்பியாயின் அரை நிமிஷத்துக்குள் அடிக்கத் தகாத நிலைக்குக் குளிர்ந்துவிடும். ஆதலால் எத்தனை சூடு என்ற கேள்வியில், எவ்வளவு தயங்கினாய், எந்த இடத்தில் அடுத்த அடி தெரியாமல் நின்றாய் என்ற விசாரணை முழுவதும் அடங்கியிருக்கிறது. 'எட்டு' என்று வெட்கத்தோடு பதில் வரும். 'என் முதல் இலைக்குப் பதினைந்து' என்று பெரியவர் சொல்வார். அது மெய்யோ உபசாரமோ, எட்டு என்று சொன்னவனுடைய தோள் சற்று நிமிர்கிறது. பிறகுதான் குறை வரும்: காம்பு தொடங்கும் இடத்தில் குளிர்ந்த இரும்பை அடித்ததால் மயிரிழை போல் ஒரு விரிசல், அடுத்த தடவை அங்கே கல்லின் கூர்விளிம்பில் வைக்காமல் மழுங்கிய விளிம்பில் வைத்து அடி. அதைச் சொல்லும்போதே கை ஒரு சுத்தியலைத் தேடும்.

இரும்பின் சுபாவமே இதற்கு உடந்தை. மர வேலையில் தவறு செய்தவன் துண்டை ஒளித்து எரித்துவிடலாம். உலையில் தவறு செய்தவனோ அதை ஊரறியச் செய்கிறான். வெண்சூட்டையும் தாண்டி இரும்பை மறந்து வைத்திருந்தால் அது மத்தாப்பூப் போலப் பொறி சிதறி எரியத் தொடங்கும். பேச்சு நின்று அத்தனை முகங்களும் அந்தப் பக்கம் திரும்பும். ஆனால் அங்கே நிற்கிற ஒவ்வொருவனும், எத்தகைய தேர்ச்சியாளனாயினும், தன் நாளில் அதே மத்தாப்பைக் கொளுத்தியவன் ஆகையால், எழுகிற சிரிப்பில் விஷம் இருப்பதில்லை. அன்றியும் கனத்த வேலை எதையும் தனியொருவன் செய்ய இயலாது. சிறு சுத்தியல் பிடித்தவன் எங்கே தட்டிக் காட்டுகிறானோ அங்கே எதிரில் நிற்பவன் பெரிய சம்மட்டியை இறக்கவேண்டும். சுத்தியல் இரும்பை விட்டுக் கல்லின் மேல் தட்டினால் சம்மட்டி நிற்கவேண்டும். பாஷை தெரியாத இருவர்கூட இந்த சங்கேதத்தால் ஒரு முற்பகலுக்குள் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டுவிடுகிறார்கள். பரஸ்பர விசுவாசம் என்பது இங்கே நற்குணம் அன்று; எதிராளியின் விரல்களைக் காப்பாற்றுகிற தொழில் விதி.

இனிமை முற்றிலும் மறைந்துபோகிற சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. துத்தநாகம் பூசிய குழாயையோ சங்கிலியையோ எவனாவது அறியாமல் உலையில் வைத்தால், எழும் வெண்புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். அளவு மிஞ்சினால் நுரையீரலைக் கெடுத்து உயிருக்கே கேடு விளைவிக்கும். அப்போது யாரும் 'நல்ல முயற்சி' என்று சொல்வதில்லை. கத்துகிறார்கள். ஊக்குவிப்பதற்கும் தாலாட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தச் சபை உணர்ந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கத்தலையே நான் சான்றாகக் கொள்வேன்.

கொள்கைப் பகைமைகளும் இல்லாமல் இல்லை. விட்டேக்கர் மின்சாரப் பற்றவைப்பைத் தீண்டத் தகாததாகக் கருதியவர். இரும்பும் இரும்பும் சேரவேண்டுமானால் துளையிட்டுப் பொருத்தியோ, தறையாணி அடித்தோ, பட்டை சுற்றி இறுக்கியோ, வெண்சூட்டில் அடித்து ஒன்றாக்கியோ சேரவேண்டும் என்பது அவர் சித்தாந்தம். நகைவேலையிலிருந்து இரும்புக்கு வந்த ஆல்பர்ட் பேலி என்பவரோ, வாஷிங்டனின் ரென்விக் கலைக்கூடத்துக்காக 1974இல் முடித்த கதவங்களில் எஃகோடு பித்தளையும் செம்பும் வெண்கலமும் கலந்து, இரும்பு கொடியாகவும் அலையாகவும் நெளியக்கூடும் என்று காட்டினார். வட கரோலினாவின் பென்லண்டில் வேலை செய்யும் எலிசபெத் பிரிம், தகடுகளை விளிம்பில் பற்றவைத்து, காய்ச்சி, காற்றைச் செலுத்தித் தலையணை போல உப்பவைத்து, குதியுயர்ந்த செருப்பும் பெண்களின் உடைகளும் இரும்பிலே செய்தார். ஆண்பிள்ளைத் தொழில் என்று பேர்பெற்றதன் நடுவில் அந்தச் செருப்பை வைத்ததில் ஒரு குறும்பு இருப்பதை மறுக்கமுடியாது. பழமைவாதிகள் முணுமுணுத்தார்கள். ஆயினும் கதவம் எப்படி நெளிந்தது, தலையணை எப்படி உப்பியது என்று தெரிந்துகொள்ளும் ஆசை முணுமுணுப்பைவிட வலிதாக இருந்தது. இங்கே என் சொந்த ஆட்சேபம் ஒன்றையும் பதிவு செய்துவிடுகிறேன்: எல்லாவற்றுக்கும் கைதட்டுகிற வழக்கத்தால், தண்டவாள ஆணியை நசுக்கிச் செய்த கத்திகளும் ஒரே அச்சான இலைக் கொக்கிகளும் கணக்கின்றிப் பெருகியிருக்கின்றன, அன்போடு 'போதும், வேறு செய்' என்று சொல்ல யாரேனும் வேண்டும்.

பிழைப்பு போனதனால் ஒளிக்கும் வழக்கமும் போயிற்று என்னும்படி மேலே சொன்னேன். அது முழு உண்மையாகாது என்பதற்குத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து பிலிப் சிமன்ஸ் சாட்சி. 1912இல் பிறந்த இந்தக் கறுப்பினக் கொல்லர், பதின்மூன்றாம் வயதில், அடிமையாகப் பிறந்து விடுதலை கண்ட பீட்டர் சிமன்ஸ் என்பவரிடம் தொழில் பழகினார். பெயர் ஒன்றாயினும் உறவில்லை. வண்டிச் சக்கரமும் லாடமுமாக இருந்த வேலை மறைந்தபோது, அவர் தளராமல் கதவுக்கும் பலகணிக்கும் திரும்பினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அவரது கைவேலைகள் அந்நகரத் தெருக்களுக்கு அணியாயின. சீறும் பாம்பைக் கம்பியில் நெளியவிட்ட கதவு அவற்றுள் பேர்போனது. 1976இல் தலைநகரில் நடந்த ஸ்மித்சோனியன் நாட்டார் கலை விழாவில், வந்து நின்ற ஜனங்களின் கண்முன்னே, நட்சத்திரமும் மீனும் அமைந்த கதவொன்றைச் செய்தார். 1982இல் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்றவர்களுள் அவரும் ஒருவர். உலையை நம்பியே வாழ்ந்த இந்த மனிதர், உறவினர் பிள்ளைகளுக்கும் அண்டைச் சிறுவர்களுக்கும் தம் பட்டறைக் கதவைச் சாத்தவில்லை. 2009இல் அவர் இறந்தபின்னும் அவரிடம் பழகியவர்கள் கையால் வேலை தொடர்ந்தது. ஆகவே, ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு மட்டுமே தாராளம் சாத்தியம் என்று முடிவு கட்டுவது அவருக்கு அநியாயம் செய்வதாகும். சிமன்ஸுக்கு முன்னே உழைத்த அடிமைக் கொல்லர்கள் பலர் பெயரின்றிப் போயினர் என்பதை அவர் மறந்திருக்க இயலாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பாவிலும் இதே காற்று வீசியது. பிரிட்டிஷ் கலைக்கொல்லர் சங்கம் 1978இல் பிறந்து, 1982இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் புதிய இரும்பு யுகத்தை நோக்கி என்ற கண்காட்சிக்கு வழிகோலியவர்களைத் தந்தது. அதே 1982இல் தொடங்கி, செக் நாட்டு மொராவியாவில் ஹெல்ஃப்ஸ்டின் என்ற பாழ்பட்ட கோட்டையில், ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் ஹெஃபாய்ஸ்டன் என்னும் கொல்லர் விழா நடைபெறுகிறது. 2016 செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஈப்ரு நகரில் பல நாட்டுக் கொல்லர்கள் கூடி, முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னத்தைச் சேர்ந்தடித்தார்கள்.

அமெரிக்காவுக்கே திரும்பினால், இரண்டு வழக்கங்களை மட்டும் சொல்லவேண்டும். மிசிசிப்பி ஆற்றங்கரை மேட்டில், மெம்பிஸ் நகரத்தில், 1979இல் திறக்கப்பட்ட உலோகக் கலை அருங்காட்சியகத்தில், ஆண்டுக்கொரு முறை அக்டோபர் மாதத்தில் 'பழுது நாட்கள்' நடக்கின்றன. பல மாநிலங்களிலிருந்து தேர்ந்த கைகள் தம் செலவில் வந்து, ஊர்மக்கள் கொண்டுவரும் ஒடிந்த விளக்குத் தண்டையும் பாட்டி வைத்துப்போன நசுங்கிய வெள்ளிக் கரண்டியையும் சீர்செய்கிறார்கள். கூலி அருங்காட்சியகத்தைச் சேருகிறது. வந்தவர்களுக்கு என்ன லாபம் என்றால், அடுத்த மேசையில் வேலை செய்கிறவனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்றொன்று, விசைச் சம்மட்டி கட்டும் கூட்டம். சிறு மோட்டார் வண்டியின் பழைய டயரை உராய்வுச் சக்கரமாகக் கொண்டு இயங்கும் ஒரு சம்மட்டி இயந்திரத்தை, ஒருவர் தனியே கட்ட மாதங்கள் ஆகும். ஆகவே பல பேர் சேர்ந்து, ஒரு வார இறுதியில் ஒருவன் துளையிட, ஒருவன் அறுக்க, ஒருவன் பற்றவைக்க, வந்தவர் எத்தனையோ அத்தனை இயந்திரங்களையும் கட்டி முடித்து வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். ஆடம் ஸ்மித் கண்டால் தமது வேலைப் பிரிவினை சித்தாந்தம் இப்படியொரு நேசமான ரூபத்தில் திரும்பி வந்ததைப் பார்த்து வியந்திருப்பார்.

ஆபானா பிறந்த அதே 1973இல், கத்திக் கொல்லர்களிடையே ஒரு நிகழ்ச்சி நடந்தது. மேரிலாந்து மாநிலத்து வில்லியம் மோரன், கத்தி செய்வோர் சங்கத்தின் கண்காட்சியில், இரும்பையும் எஃகையும் அடுக்கி, உலைச்சூட்டில் ஒன்றாக்கி, மடித்து மடித்து அடித்ததனால் நீரலை போன்ற கோலம் ஓடும் கத்திகளைக் கொண்டுவந்து வைத்தார். அமெரிக்காவில் அநேகமாக மறைந்துபோயிருந்த அந்த வேலையைப் பல ஆண்டுப் பிரயத்தனத்தால் தனியாகவே மீட்டவர், அதைத் தம் ஏகபோகமாக வைத்துக்கொண்டு எத்தனை விலையும் சொல்லியிருக்கலாம். அவர் செய்தது வேறு: கத்தியோடு கூட, அதைச் செய்யும் முறையை விவரிக்கும் சிறு புத்தகம் ஒன்றை அச்சடித்து வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். மூன்றாண்டுகளில் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் அவர் முயற்சியால் உருவாயிற்று. ஒருவரிடம் இருந்த வேலை சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் கைக்குப் போய், மோரனுடைய கத்தியைவிட நுட்பமான கோலங்களும் பிறந்தன. அதனால் மோரனின் பெயர் சிறிதும் குன்றவில்லை.

மோரன் அதற்கு டமாஸ்கஸ் என்ற பழம்பெயரை இட்டார். ஆனால் பழைய டமாஸ்கஸ் வாளின் கோலம் அடுக்கி அடித்ததனால் வந்ததன்று. மூசையில் உருக்கிய எஃகுக் கட்டிக்குள்ளேயே ஒளிந்திருந்து அடிக்க அடிக்க வெளிப்பட்டது. அந்த எஃகு போனது நம்முடைய நாட்டிலிருந்து. கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரிலும் அதன் மூசைகள் அகப்பட்டிருக்கின்றன. பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்ற ஆங்கிலேயர், களிமண் மூசையில் இரும்போடு ஆவாரஞ் சுள்ளியை இட்டு, எருக்கிலை வைத்து மூடிக் காய்ச்சும் முறையை எழுதிவைத்தார். கொல்லன் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைப் பகுத்தாராய்ந்து, அலுமினம் போன்ற பொருள்களின் கலப்பே காரணம் என்று தவறான முடிவுக்கு வந்தார். இங்கே அதைச் செய்தவர்களோ, தகப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு மட்டும் போகும் வித்தையாகவே அதை வைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமை எஃகு வந்து பிழைப்பு ஒழிந்தபோது, சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லாமல் அதுவும் ஒழிந்தது. நம் ஊரில் ஆசைக்காகக் கொல்லுவேலை பழக வருபவனைக் காண்பது இன்றும் அரிது. பிறப்பைக் கொண்டு பங்கிடப்பட்ட தொழிலுக்கு ஆசைக்காரர்கள் எங்கிருந்து வருவார்கள்?

புளோரிடா மாநிலத்து வில்லிஸ்டன் என்ற ஊரில் குதிரைக்கு லாடம் அடித்து ஜீவித்த ஆல்பிரட் பெண்ட்ரே என்பவருக்கு அந்தப் பழைய எஃகின் மேல் பித்துப் பிடித்தது. மூசைகளை வைத்துக் காய்ச்சிப் பார்த்தார், கட்டி, அடியில் நொறுங்கிற்று, மறுபடி காய்ச்சினார். அயோவா மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் அவரோடு சேர்ந்துகொண்டார். ஒருவர் பட்டறையில் அடித்து அனுப்புவதும், மற்றவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துப் பதில் எழுதுவதுமாக ஆண்டுகள் போயின. இறுதியில், தாதுவோடு கலந்து வந்த வனேடியம் முதலான உலோகங்கள், பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லத்தக்க சொற்ப அளவில் இருந்ததுதான் அந்தக் கோலத்துக்கு வித்து என்று கண்டார்கள். 1998இல் உலோகவியல் சஞ்சிகை ஒன்றில் அந்த முடிவு, வேறெவரும் செய்து பார்க்கும்படி அளவுகளோடு வெளிவந்தது. கட்டுரையின் தலைப்பில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: பேராசிரியர் ஒருவர், எஃகாலையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர் ஒருவர், அவ்விருவர் பெயருக்கும் நடுவில் லாடம் அடிப்பவர்.